வரிசை எங்கே நிற்கிறதோ, அங்கேதான் முன்னுரிமை!

- மூன்றாமாண்டு மாணவன், மின்னணு மற்றும் தொடர்பியல் துறை



தேனிப் பக்கம் ஒரு கிராமத்தில் பாட்டி ஒருவருக்குக் கண்ணில் புரை என்று வைத்துக்கொள்ளுங்கள். டாக்டரைப் பார்க்க டவுனுக்குப் போக வேண்டும். பஸ் செலவு ஒரு பக்கம், கூட வருகிறவருக்கு ஒரு நாள் கூலி போச்சு. 1976-ல் மதுரையில் 11 படுக்கைகளோடு டாக்டர் வெங்கடசாமி தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை இதற்கு ஒரு வழி கண்டது. ஊருக்குள்ளேயே ஒரு சிறு பார்வை மையம். பயிற்சி பெற்ற ஊழியர் அங்கே பரிசோதிப்பார். தேனியில் இருக்கும் டாக்டர் கேமரா வழியாக நோயாளியிடம் பேசுவார். அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆராய்ச்சிக் குழுவும் இன்டெல் நிறுவனமும் கைகொடுக்க, 2006-ல் இப்படி ஐந்து மையங்கள் வைஃபை ரேடியோ மூலம் தேனியோடு இணைந்திருந்தன.

வைஃபை என்றால் ஒரு வீட்டுக்குள் எட்டுவதுதானே? ஒரே திசை நோக்கும் ஆன்டெனாவை உயரத்தில் கட்டினால் கிலோமீட்டர் கணக்கில் போகும். ஆனால் சாதாரண வைஃபை ஒரு பாக்கெட் அனுப்பியதும் ‘கிடைத்தது’ என்ற பதிலுக்குக் கொஞ்ச நேரமே காத்திருக்கும். தூரத்திலிருந்து பதில் வருவதற்குள் பொறுமை இழந்து, அதே பாக்கெட்டை மறுபடி அனுப்பும். அந்தக் குழு, இரு முனைகளும் முறை வைத்துப் பேசும்படி விதியையே மாற்றியது. வயலுக்கு முறைத்தண்ணீர் பாய்ச்சுகிற மாதிரி! பெரிய கேபிள் இழுக்கவில்லை. யார் எப்போது காத்திருப்பது என்பதை மட்டும் மாற்றினார்கள்.

சுவிட்ச்சில் நாம் படிக்கிற முன்னுரிமையும் இதே கேள்விதான். அந்த மையங்களில் என்ன சுவிட்ச் இருந்தது என்ற பேச்சுக்கு நான் வரவில்லை. நாமே ஒரு மையம் அமைப்பதாகக் கணக்குப் போடுவோம். ரேடியோ இணைப்பு 4 மெகாபிட். ஒரு கம்ப்யூட்டரில் டாக்டரோடு வீடியோ. இன்னொன்றில் நோயாளிப் பதிவேடுகளை அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். முழு அளவு பாக்கெட் 1500 பைட், அதாவது 12,000 பிட். 4 மெகாபிட்டில் அது வெளியேற 3 மில்லிசெகண்ட். நாற்பது பதிவேட்டுப் பாக்கெட் முன்னால் நின்றால் 120 மில்லிசெகண்ட் போய்விடும். பேச்சுக்கு ஒரு வழித் தாமதம் 150-க்குள் இருப்பது நல்லது என்கிறது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியம். மிச்சம் முப்பதுதான். பாட்டி ‘வலிக்குது’ என்று சொல்லி முடித்த பிறகு டாக்டர் ‘வலிக்குதா?’ என்பார்!

மீனாட்சி கோயிலில் பொது தரிசன வரிசை, சிறப்பு தரிசன வரிசை பார்த்திருப்பீர்கள். சிறப்பு வரிசையில் ஆள் தீர்ந்தால்தான் பொது வரிசை நகரும் என்றால் அது கறாரான முன்னுரிமை. இங்கே நாலு பேர், அங்கே ஒருவர் என்று விட்டால் அது எடை வைத்த முறை. (எங்க வீட்டில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் நான். ‘நீ என்னப்பா படிக்கிறே?’ என்ற அப்பாவுக்கு இதைச் சொல்லித்தான் புரியவைத்தேன். ‘அப்ப சும்மா நிக்கிறவன் கதி?’ என்று கேட்டார். பாடத்தின் பாதி அந்தக் கேள்விதான்!)

லேப்களில் பரவலாகக் கிடக்கும் பழைய சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960-ஐ எடுத்துக்கொள்வோம். ஒவ்வொரு போர்ட்டிலும் வெளியேற நான்கு வரிசை. பாக்கெட்டின் தலைப்பில் 0 முதல் 7 வரை ஒரு முன்னுரிமை எண். பேச்சுக்கு வழக்கமாக 5. அது முதல் வரிசைக்குப் போகும். எண் இல்லாத சாதாரண சரக்கு இரண்டாம் வரிசைக்கு. இதெல்லாம் ஏற்கனவே போட்டு வைத்த பட்டியல், வேண்டுமானால் மாற்றலாம்.

இனிதான் வில்லங்கம். முன்னுரிமை வசதி முதலில் அணைந்தே இருக்கும். அதை இயக்கியவுடன் எந்தப் போர்ட்டையும் சுவிட்ச் நம்பாது. வருகிற எண்ணை அழித்து 0 ஆக்கிவிடும். வீடியோவும் பதிவேடும் ஒரே வரிசையில்! ஆகவே வீடியோ கம்ப்யூட்டர் உள்ள போர்ட்டை ‘நம்பு’ என்று தனியாகச் சொல்ல வேண்டும். எல்லாப் போர்ட்டையும் நம்பச் சொல்லாதீர்கள், பதிவேட்டுக் கம்ப்யூட்டரும் 5 போட்டுக்கொண்டு வந்தால் யாரைக் கேட்பது?

அடுத்தது இன்னும் மோசம். முதல் வரிசைதான் ராஜா என்று பெயர், ஆனால் தொடக்க அமைப்பில் அதற்குப் போர்ட் வேகத்தில் 25-ல் ஒரு பங்குதான் உச்சவரம்பு. 10 மெகாபிட் போர்ட்டில் அது 0.4 மெகாபிட். வீடியோ அதிலேயே மூச்சுத் திணறும். ‘முதல் வரிசையை முழுசாகக் காலி செய்த பிறகே மற்றவை’ என்ற கட்டளையை அந்தப் போர்ட்டில் கொடுத்தால்தான் அந்த வரம்பு நீங்கும்.

இத்தனையும் செய்தாச்சு, வீடியோ இன்னும் திக்குகிறதா? வரிசை எங்கே நிற்கிறது என்று பாருங்கள். சுவிட்ச்சிலிருந்து ரேடியோவுக்குப் போகும் கேபிள் 100 மெகாபிட். அந்த வேகத்தில் நாற்பது பாக்கெட் 5 மில்லிசெகண்டுக்குள் வெளியேறிவிடும், சுவிட்ச்சில் கூட்டமே சேராது. கூட்டமெல்லாம் 4 மெகாபிட் ரேடியோவின் வாசலில்! அங்கே முன்னுரிமை தெரியாத பெட்டி இருந்தால் நம் அமைப்பெல்லாம் வீண்.

இதற்கு ஒரு தந்திரம். ரேடியோவுக்குப் போகும் போர்ட்டை 10 மெகாபிட்டில் நிறுத்தி, மொத்த வெளியேற்றத்தை 30 சதவீதத்துக்குக் கட்டுப்படுத்துங்கள். சுமார் 3 மெகாபிட் வரும், அச்சு அசலாக அமையாது. ரேடியோவை விடக் குறைவு என்பதால் கூட்டம் இப்போது சுவிட்ச்சிலேயே நிற்கும், நாம் சொன்னபடி கேட்கும். ஒரு மெகாபிட் நஷ்டம்தான். எனக்கு அது நியாயமான விலையாகவே படுகிறது. வீடியோவை ஒன்றரை மெகாபிட்டுக்குள் வைத்துவிட்டால் பதிவேட்டுக்கும் பாதி வழி கிடைக்கும். அப்பாவின் கேள்விக்கும் அதுவே பதில்.

சோதிக்கும்போது ஒன்று. பெரிய கோப்பு ஒன்றை அனுப்பிக்கொண்டே பிங் போட்டால் நேரம் எகிறும். பயப்படாதீர்கள். எண் இடாத பிங் பதிவேட்டோடு பொது வரிசையில்தான் நிற்கிறது. பேச்சுக்குரிய எண்ணோடு ஒரு பிங், எண் இல்லாமல் ஒரு பிங், இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் ஓடவிட்டுப் பாருங்கள். முதலாவது அசையாமல் நிற்க, இரண்டாவது மட்டும் எகிறினால் அமைப்பு வேலை செய்கிறது. இரண்டும் சேர்ந்தே எகிறினால், வரிசை வேறெங்கோ நிற்கிறது.