மழையில்லாமல் வரும் தண்ணீர்
போர்ட் கொச்சியில் இளைஞர்களோடு காலநிலை வேலை: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

நம் கார்த்திகை மாதம் மலையாளிகளுக்கு விருச்சிகம். அந்த மாதத்து அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி, கும்பளங்கி, பெரும்படப்பு, எடக்கொச்சி, வைப்பின் பக்கமெல்லாம் வானம் வெளுத்துக் கிடக்கும்போதே வாசலில் தண்ணீர் ஏறும். கடலின் ஓதம் காயலுக்குள் வந்து, காயலிலிருந்து கால்வாய்க்கும், கால்வாயிலிருந்து முற்றத்துக்கும் வரும். ஊர்க்காரர்கள் அதற்கு வைத்த பெயர் ‘விருச்சிக வேலியேற்றம்’. தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த விருந்தாளிதான். ஆனால் முற்றத்தோடு திரும்பிப்போன தண்ணீர் இப்போது அடுப்படி வரை வருகிறது என்கிறார்கள். ஃபிரிட்ஜ் நான்கு செங்கல் மேல் நிற்கிறது. சுவரில் உப்புப் பூத்துக் காரை உதிர்கிறது.

போர்ட் கொச்சியில் ஒருமுறை ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளிடம் காலநிலை மாற்றம் பற்றிப் பேசப் போனேன். கையில் பனிப்பாறை உருகும் படம், துருவக் கரடி படம். பாதிப் பேச்சில் ஒரு பெண் எழுந்தாள். “சாரே, பனி உருகுறது இருக்கட்டும். எங்க வீட்டு கக்கூஸ்ல தண்ணி கீழ போகாம எதுத்து ஏறி வருதே, அதப் பத்திப் பேசலாமா?” வகுப்பு சிரித்தது. நான் சிரிக்கவில்லை. என் படங்களில் அவள் வீடு இல்லை.

ஆசிரியர், கிளப் செயலாளர், குடியிருப்போர் சங்கக்காரர் என்று இளைஞர்களோடு இந்த வேலையில் இறங்குகிற யாருக்கும் உதவும் என்று இந்தப் பட்டியலை எழுதுகிறேன். கொச்சியை வைத்து எழுதினாலும் நாகப்பட்டினத்துக்கும் எண்ணூருக்கும் இதில் பெரும்பகுதி பொருந்தும்.

செய்ய வேண்டியவை

1. வாசலுக்கு வரும் தண்ணீரிலிருந்து தொடங்குங்கள்.
போர்ட் கொச்சிக்குத் தண்ணீர் மூன்று வழியாக வருகிறது. நிலவின் இழுப்பில் ஏறி இறங்குவது ஓதம். தெற்கே வெகுதொலைவில், இந்தியப் பெருங்கடலில் எழும் புயலின் அலை இங்கே காற்றே இல்லாத நாளில் கரையேறினால் அது கள்ளக்கடல். மூன்றாவது மழைவெள்ளம். 2018 ஆகஸ்டில் கேரளம் கண்டது அதைத்தான். எந்தத் தண்ணீர் எது என்று பிரித்துச் சொல்லத் தெரிந்த பிள்ளை பாதி பாடத்தைக் கற்றுவிட்டது. ‘கள்ளக்கடல்’ மீனவர்கள் சொன்ன சொல். ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் என்ற கடல் தகவல் மையம் இன்று அதே சொல்லை வைத்துத்தான் எச்சரிக்கை விடுகிறது. தங்கள் தாத்தாவின் சொல் விஞ்ஞானத்துக்குள் போயிருக்கிறது என்று தெரிந்தால் மீனவர் வீட்டுப் பையன் நிமிர்ந்து உட்காருவான்.

2. கையில் அளவுகோலைக் கொடுங்கள்.
ஒரு பி.வி.சி. குழாயில் சென்டிமீட்டர் கோடு போட்டு, தெருமுனைச் சிறுபாலத்தில் கட்டினால் போதும். சுழியக் கோடு மட்டும் அசையாத ஒரு கல்லோடு பொருந்த வேண்டும். தேதி, நேரம், உயரம், மழை பெய்ததா, அமாவாசையா பௌர்ணமியா என்று ஐந்து கட்டம் போட்ட ஒரு நோட்டு வேண்டும். கொச்சியில் ஓதத்தின் ஏற்ற இறக்கம் ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள்தான். அதனால்தான் வீடுகளைத் தண்ணீருக்கு இவ்வளவு பக்கத்தில் கட்டியிருக்கிறார்கள். ஐ.நா.வின் காலநிலைக் குழுவான ஐ.பி.சி.சி.யின் 2021 அறிக்கைப்படி, 1901 முதல் 2018 வரை உலகக் கடல்மட்டம் சராசரியாக 20 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கிறது. ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. கேட்க அற்பமாக இருக்கும். வாசற்படியில் சாண் வைத்து அளந்து பார்த்தவனுக்கு அது அற்பமாகத் தெரியாது. எர்ணாகுளம் மாவட்டத்தில் ஈக்வினாக்ட் என்ற குழு, தண்ணீர் ஏறிய நாளைக் குறித்துவைக்க வீடுகளுக்கு நாட்காட்டி கொடுத்திருக்கிறது. உங்கள் வகுப்பும் அதைச் செய்யலாம்.

3. பெரியவர்களிடம் கேட்டுவரச் சொல்லுங்கள்.
“உங்க காலத்துல தண்ணி எதுவரைக்கும் வரும்?” இந்த ஒரு கேள்வி போதும். அம்மாச்சி சுவரில் கை வைத்துக் காட்டும் இடத்தில் சுண்ணாம்புக் கோடு. இன்றைய தண்ணீர் நிற்கும் இடத்தில் இன்னொரு கோடு. நினைவு பிசகும், ஆகவே ஒரு வீட்டோடு நிறுத்தாமல் தெரு முழுக்கக் கேட்க வேண்டும். கூடவே ஊரின் கதையையும் சொல்லுங்கள். 1341-இல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் நம் முசிறித் துறையை மண்மூடச் செய்து, கொச்சியின் வாயைத் திறந்துவிட்டது என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. தண்ணீர் பெற்றெடுத்த ஊர் இது. அன்றைய வெள்ளத்தில் மனிதன் கை இல்லை. இன்றைய கடலேற்றத்தில் இருக்கிறது. வேறுபாடு அதுதான் என்பதைப் பிள்ளைகளே கண்டுபிடிக்கட்டும்.

4. தெருவில் நடக்கும் தொழிலை உற்றுப்பார்க்க வையுங்கள்.
போர்ட் கொச்சியில் ‘வெளி’ என்ற பகுதியில் ஒரு தோபி கானா இருக்கிறது. டச்சுக்காரர் காலத்தில் சலவைக்காகத் தமிழகத்திலிருந்து வந்த வண்ணார் குடும்பங்களின் வழிவந்தவர்கள் அங்கே இன்றும் துவைக்கிறார்கள். இப்போதுள்ள கட்டடம் 1976-இல் கொச்சி வளர்ச்சி ஆணையம் கட்டிக்கொடுத்தது. கொடியில் கிளிப் கிடையாது. இரண்டு கயிற்றை முறுக்கி, முறுக்கின் இடுக்கில் துணி நுனியைச் செருகிவிடுவார்கள்; காற்று எவ்வளவு அடித்தாலும் அசையாது. வெயில்தான் முதலீடு. மழை நாள் நீண்டாலும், வேளை கெட்டுப் பெய்தாலும், கூலி போச்சு. பருவம் தப்புவது என்றால் என்ன என்று இவர்களைவிட யார் சொல்லப்போகிறார்கள்? பிள்ளைகளை ஒரு மதியம் அங்கே உட்காரவையுங்கள்.
திருவண்ணாமலையைச் சேர்ந்த வினிஷா உமாசங்கர் இப்படித்தான் தொடங்கினார். தெருவில் இஸ்திரி வண்டிக்காரர் எரிந்த கரியைக் கொட்டுவதைப் பார்த்துவிட்டு, சூரிய ஒளியில் ஓடும் இஸ்திரி வண்டியை வடிவமைத்தார். ஐந்து மணி நேர நல்ல வெயில், ஆறு மணி நேர இஸ்திரிக்குப் போதும். 2021 நவம்பரில், பள்ளி மாணவியாகவே, கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பேசினார். கிளாஸ்கோ வரை போன அந்த யோசனை ஒரு கரிக்குவியலைப் பார்த்துப் பிறந்தது.

5. ஊர்க் கலையையும் ஊர்க் கிளப்பையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.
இந்தக் கரையின் லத்தீன் கத்தோலிக்கர் ஆடும் சவிட்டு நாடகத்தின் பழைய பாட்டுகளில் பாதி தமிழ். ஆசானுக்கு அண்ணாவி என்று பெயர். பலகை மேடை அதிர உதைத்து ஆடும் அந்த ஆட்டத்தில் கடலேற்றத்தைச் சொன்னால் தெருவே நின்று பார்க்கும். கேரள சாஸ்திர சாகித்ய பரிஷத் என்ற அறிவியல் இயக்கம் 1980-இலேயே கலா ஜாதா என்று பாட்டும் நாடகமுமாக அறிவியலை ஊர் ஊராகக் கொண்டுபோனது. டிசம்பர் கடைசியில் பப்பாஞ்சி என்ற பொம்மையை எரிக்கும் கொச்சி கார்னிவலும், 1985 ஐ.நா. இளைஞர் ஆண்டை ஒட்டி, 1984-இல் உள்ளூர் இளைஞர்கள் கிளப்புகளைக் கூட்டித் தொடங்கியதுதான். புதிதாக ஒரு ‘சூழல் மன்றம்’ தொடங்கிப் பெயர்ப்பலகை எழுதுவதற்கு முன், பரேடு மைதானத்தில் பந்து விளையாடும் பையன்களிடம் போய்ப் பேசுங்கள். ஆள் அங்கே ஏற்கெனவே கூடியிருக்கிறது.

6. கணக்கை முடிவெடுப்பவரின் மேசைக்குக் கொண்டுபோக விடுங்கள்.
பத்து வாரம் எழுதிய நோட்டு அலமாரிக்குள் போனால், பதினோராவது வாரம் யாரும் வரமாட்டார்கள். கவுன்சிலரிடமோ, வார்டு சபையிலோ, குடும்பஸ்ரீ மகளிர் அமைப்பின் பாலசபை (சிறுவர் மன்றம்) வழியாகவோ, பிள்ளைகளே எடுத்துவைக்கட்டும். கோரிக்கை ஒன்றே ஒன்றாக இருக்கட்டும்: “விருச்சிகத்துக்கு முன் இந்தச் சிறுபாலத்தின் அடைப்பை எடுங்கள்.” பதிலை எழுத்தில் கேட்கச் சொல்லுங்கள். ‘முடியாது’ என்பதும் பதில்தான். ஆனால் காரணத்தோடு வர வேண்டும்.

7. நடந்து முடிந்த தீர்வையும் காட்டுங்கள்.
2023 ஏப்ரலில் தொடங்கிய வாட்டர் மெட்ரோ, மின்கலத்தில் ஓடும் படகுகளோடு இன்று போர்ட் கொச்சித் துறைக்கும் வருகிறது. கொச்சி விமான நிலையம் 2015 முதல் சூரிய மின்சாரத்தில் நிற்கிறது. பழைய தீர்வும் உண்டு. செல்லானம், கும்பளங்கி வயல்களின் பொக்காளி நெல் உப்பைத் தாங்கும். மழைக்காலத்தில் நெல், அறுத்த பின் அதே வயலில் இறால். படகுக்கு ஒரு டிக்கெட், வயலுக்கு ஒரு நடை. இரண்டையும் ஒரே நாளில் காட்டிவிடலாம்.

செய்யக்கூடாதவை

1. பயத்தைப் பாடமாக்காதீர்கள்.
‘2050-இல் கொச்சி மூழ்கும்’ என்ற சிவப்பு வரைபடம் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டே இருக்கும். எந்த ஆண்டின் எந்த உயரத் தண்ணீரை வைத்து, என்ன அனுமானத்தில் போட்டது என்று கேட்கக் கற்றுக்கொடுங்கள். சுவரை ஏற்கெனவே உப்பு தின்கிற வீட்டுப் பிள்ளைக்குப் புதிதாகப் பயம் காட்ட வேண்டியதில்லை. நாளை காலை செய்ய ஒரு வேலை இல்லாமல் எந்த அபாயக் கணக்கையும் வகுப்பில் சொல்லாதீர்கள்.

2. ஜூன் 5 சுற்றுச்சூழல் தின நாற்று விழாவோடு முடித்துவிடாதீர்கள்.
கண்டல் (அலையாத்தி) நட்டால் நல்லது என்று மணல் கரையில் செருகிவிட்டு வந்தால் அடுத்த ஓதம் அள்ளிக்கொண்டு போகும். சேறு எங்கே, உப்பு எவ்வளவு, எந்த இனம் என்று தெரிந்தவரைக் கேட்டு நடுங்கள். கண்ணூர்க்காரர் கல்லேன் பொக்குடன் 1989-இல் பழயங்காடி ஆற்றோரம் கண்டல் நடத் தொடங்கியபோது விழா ஏதும் இல்லை. ஆற்றங்கரை வழியே பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகளைக் காற்றும் அலையும் அடிக்காமல் இருக்கட்டும் என்று நட்டார். 2015-இல் இறக்கும்வரை விடவில்லை. நட்டவர் பெயரைப் பலகையில் எழுதுவதைவிட, மூன்றாம் ஆண்டு எத்தனை நிற்கிறது என்று எண்ணுபவர் பெயரை எழுதுங்கள்.

3. பெரியவர் குற்றத்தைப் பிள்ளைகள் தலையில் கட்டாதீர்கள்.
2023 மார்ச் 2 அன்று பிரம்மபுரம் குப்பைக்கிடங்கில் பிடித்த தீ, பத்து நாளுக்கு மேல் கொச்சியைப் புகையில் வைத்தது. பள்ளிகளுக்கு விடுமுறை விட்டார்கள். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் மாநகராட்சிக்கு 100 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. அந்தப் புகையைச் சுவாசித்த பிள்ளையிடம் போய், ‘ஸ்ட்ரா வேண்டாம் என்று சொல், உலகம் பிழைக்கும்’ என்றால் அவன் சிரிப்பான். வீட்டில் பிளாஸ்டிக்கைப் பிரித்து வீடு வீடாக வந்து வாங்கிப்போகும் ஹரித கர்ம சேனை அக்காவிடம் கொடுப்பது அவன் வேலை. பிரித்ததைப் பிரித்தபடியே கையாளுவது ஊராட்சியும் மாநகராட்சியும் செய்ய வேண்டிய வேலை. இரண்டையும் சேர்த்தே சொல்லுங்கள்.

4. எல்லாப் பழியையும் காலநிலை மேல் போடாதீர்கள்.
கொச்சியின் ராமேஸ்வரம்–கல்வத்தி கால்வாய் குப்பையும் சேறுமாக அடைத்துக் கிடந்தால், வரும் ஓதம் திரும்பிப்போக வழியில்லை. செல்லானத்தில் 2017 ஒகி புயலும் 2021 டவ்தே புயலும் வீடுகளுக்குள் கடலைக் கொண்டுவந்தன. கடலரிப்புக்குத் துறைமுகத்துக்காக ஆழப்படுத்துவதும் ஒரு காரணம் என்று அங்குள்ளவர்கள் நெடுநாளாகச் சொல்லிவருகிறார்கள். புயலுக்குப் பின் டெட்ராபாட் எனும் நாலுகால் கான்கிரீட் கட்டைகளால் ஆன சுவர் வந்தது. சுவர் இல்லாத பகுதிக்காரர்கள் எங்களுக்கும் வேண்டும் என்று போராடினார்கள். கடல் எவ்வளவு, கால்வாய் எவ்வளவு, அரசு எவ்வளவு என்று பங்கு பிரித்துக் கேட்கும் பழக்கத்தைக் கெடுத்துவிடாதீர்கள்.

5. கால்வாய்க்குள் இறக்காதீர்கள்.
துப்புரவு ஆர்வத்தில் வெறுங்காலோடு இறங்கினால் எலிக்காய்ச்சல் வரலாம். கேரளத்தில் ஆண்டுதோறும் அது உயிரைக் குடிக்கிறது. அள்ளும் வேலை மாநகராட்சிக்கு. எண்ணும் வேலை பிள்ளைகளுக்கு. கடற்கரையில் குப்பை பொறுக்கினாலும் கையுறை, காலணி, பெற்றோர் ஒப்புதல் மூன்றும் வேண்டும். கள்ளக்கடல் எச்சரிக்கை உள்ள நாளில், சீனவலைப் பக்கம்கூடக் கூட்டிப்போகாதீர்கள்.

6. இங்கிலீஷில் நடத்தாதீர்கள்.
மட்டாஞ்சேரியில் ஒரே தெருவில் மலையாளம், கொங்கணி, குஜராத்தி, தமிழ் எல்லாம் கேட்கும். ‘அடாப்டேஷன்’, ‘ரெசிலியன்ஸ்’ என்று பேசினால் நன்றாக இங்கிலீஷ் வரும் நாலு பேர் மட்டும் கை தூக்குவார்கள். தண்ணீர் ஏறும் வீட்டுப் பிள்ளை கடைசி பெஞ்சில் வாய் மூடி இருக்கும். வீட்டு மொழியில் எழுதட்டும். மொழிபெயர்ப்பது நம் பாடு.

7. மேடை அலங்காரமாக வைக்காதீர்கள்.
பச்சை டி-ஷர்ட், பதாகை, பிரமுகர் வரும்வரை வெயிலில் நிற்கவைத்தல், கடைசியில் ஒரு குழுப்படம். இதற்கு ஒருமுறை வந்த பையன் மறுமுறை வரமாட்டான். டியூஷனும் தேர்வும் கிடக்கும் மார்ச் மாதத்தில் கூப்பிடாதீர்கள். மாலை ஆறுக்குமேல் வைத்தால் பெண்பிள்ளைகள் வரமுடியாது. பெற்றோரைக் கேட்காமல் யார் முகத்தையும் இணையத்தில் போடாதீர்கள்.

கடைசியாக ஒன்று. அந்த ஒன்பதாம் வகுப்புப் பெண் கேட்டதற்கு அன்று எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாது என்று சொல்லிவிட்டு, கரடிப் படத்தைச் சுருட்டி வைத்தேன். பிறகு எல்லோருமாகப் பலகையில் ஒரு கழிவறையை வரைந்தோம். குழாய் எங்கே போகிறது, கால்வாய் எங்கே, காயல் எங்கே, கடல் எங்கே என்று கோடு இழுத்துக்கொண்டே போனோம். மணி அடித்தபோது கோடு அரபிக்கடலைத் தொட்டிருந்தது. யாரும் எழுந்திருக்கவில்லை.