வெர்செய்ல்ஸும் வேலூரும்: ஒரு விடையைக் கேள்வியாக்குதல்

பத்தாம் வகுப்பில் வெர்செய்ல்ஸ் உடன்படிக்கையை நடத்தி முடித்ததும் விடைத்தாள்களில் தவறாமல் வரும் வரி ஒன்று உண்டு: ‘ஜெர்மனி அவமானப்படுத்தப்பட்டதால் ஹிட்லர் ஆட்சிக்கு வந்தார்.’ மதிப்பெண்ணும் கிடைத்துவிடும். ஆனால் தோற்ற நாட்டின் கோபம் தானாகவே சர்வாதிகாரியைக் கொண்டுவரும் என்ற எண்ணத்தோடு மாணவரை அனுப்பிவிடலாமா? இதை ஆராய நம் பகுதியிலேயே ஓர் உடன்படிக்கை இருக்கிறது.

1792 மார்ச்சில் கையெழுத்தான ஸ்ரீரங்கப்பட்டண உடன்படிக்கையின்படி திப்பு சுல்தான் தம் நாட்டில் ஏறத்தாழப் பாதியை இழந்தார். ஈட்டுத்தொகை 3 கோடியே 30 லட்சம் ரூபாய். அதைக் கட்டி முடிக்கும்வரை அவருடைய இரு மகன்கள் பிணைக்கைதிகள். இருவரும் சிறுவர்கள், 1794 இல்தான் தந்தையிடம் திரும்பினார்கள். வாணியம்பாடியும் திருப்பத்தூரும் அடங்கிய பாராமகால் கம்பெனிக்குப் போனது. ஆம்பூரோ அதற்கு முன்பே ஆற்காட்டு நவாபின் சீமை. இன்று பேருந்தில் அரை மணி நேரத்தில் போய்விடும் இரண்டு ஊர்களுக்கிடையே ஒரு நாட்டின் எல்லை இருந்தது என்று வரைபடத்தில் காட்டுங்கள்; கடைசி வரிசையும் நிமிர்ந்து உட்காரும்.

1919 இல் ஜெர்மனி இழந்தது சுமார் 13 சதவீத நிலப்பரப்பு. விகிதத்தில் பார்த்தால் திப்புவின் இழப்பே பெரிது. ஆனால் 1792 இன் மனக்குறை பெரும்பாலும் அரசருடையது. அவர் பிரான்சிடமும் ஆப்கானிஸ்தானிடமும் துணை தேடினார். 1799 இல் போரில் மடிந்தார். ஜெர்மனியிலோ செய்தித்தாள், கட்சி, தேர்தல் எல்லாம் இருந்தன. போர் பெரும்பாலும் தங்கள் மண்ணுக்கு வெளியே நடந்ததால், தோற்றோம் என்பதையே பலர் நம்பவில்லை. போருக்குப் பொறுப்பு ஜெர்மனியே என்ற 231 ஆம் பிரிவு, நிலத்தை இழந்ததைவிட ஆழமாகத் தைத்தது. அங்கே மனக்குறை பொதுமக்களுடையதாயிற்று.

இனி வேலூர். 1799 க்குப் பின் திப்புவின் குடும்பத்தார் வேலூர்க் கோட்டையில்தான் காவலில் வைக்கப்பட்டிருந்தனர். 1806 ஜூலை 10 அன்று சிப்பாய்கள் எழுந்தபோது திப்புவின் மகன் ஃபத்தே ஹைதரை அரசராக அறிவித்து மைசூர்க் கொடியை ஏற்றினார்கள். ஆனால் அவர்களைக் கொதிக்க வைத்தது 1792 உம் அல்ல, 1799 உம் அல்ல. நெற்றிக்குறி கூடாது, கடுக்கன் கூடாது, தோல் குஞ்சம் வைத்த புதிய தலைப்பாகையை அணிய வேண்டும் என்ற உத்தரவுகள்தாம். பழைய தோல்வி கொடியைத் தந்தது. கோபத்தைத் தந்தது அன்றாட அவமதிப்பு. (தோல் பதனிடும் குடும்பத்துப் பிள்ளைகள் அமர்ந்திருக்கும் வகுப்பில் இந்தக் குஞ்சத்தைப் பற்றிக் கவனமாகப் பேச வேண்டும். அது மாட்டுத்தோலோ பன்றித்தோலோ, மதம் மாற்றத்தான் இந்த ஏற்பாடோ என்பதே சிப்பாய்களின் அச்சம். தோல் வேலை தாழ்ந்தது என்ற பொருள் துளியும் தொனிக்கக் கூடாது.)

இதே கண்ணோடு ஜெர்மனிக்குத் திரும்பலாம். இரண்டு எண்களைக் கரும்பலகையில் எழுதுங்கள். நாஜிக் கட்சி பெற்ற வாக்குகள்: 1928 மே தேர்தலில் 2.6 சதவீதம், 1932 ஜூலையில் 37.3 சதவீதம். உடன்படிக்கை இரண்டு ஆண்டிலும் அதேதான். சொல்லப்போனால் 1924 இலும் 1929 இலும் போட்ட திட்டங்கள் இழப்பீட்டுச் சுமையைத் தளர்த்தியிருந்தன. அப்படியானால் இடையில் நடந்தது என்ன?

உலகப் பொருளாதாரப் பெருமந்தம். 1932 இல் ஜெர்மனியில் வேலையற்றோர் ஏறத்தாழ 60 லட்சம் பேர். ஆலை சில மாதம் மூடிக்கிடந்தால் வீட்டில் என்ன பேச்சு நடக்கும், யார்மேல் பழி விழும் என்பதை ஆம்பூர், பேரணாம்பட்டுப் பிள்ளைகளுக்கு நாம் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்களைப் பேச விடுங்கள். பத்து ஆண்டாகப் பலர் பொருட்படுத்தாத பேச்சுக்குத் திடீரெனக் காது கிடைத்தது எப்படி என்பது அங்கிருந்தே விளங்கும்.

வெர்செய்ல்ஸுக்குப் பங்கே இல்லை என்று மாணவர் முடிவுகட்டினால் அதுவும் பிழை. வேலூரில் கொடி இல்லாமல் கிளர்ச்சி என்ன வடிவம் எடுத்திருக்கும் என்று கேட்டு விவாதத்தைத் தொடரலாம். அலகுத் தேர்வில், ‘வெர்செய்ல்ஸ் உடன்படிக்கையின் விளைவுகள் யாவை?’ என்பதற்குப் பதில் இப்படிக் கேட்டுப் பாருங்கள்: ‘1928 இல் ஹிட்லரைப் புறக்கணித்த ஜெர்மானியர் பலர் 1932 இல் அவருக்கு வாக்களித்தது ஏன்?’