தங்கைக்கு: வெள்ளம் வடிந்த வயலில் பழங்காசு தேடப் போகிறாயா?

தங்கச்சி, டிடெக்டர் வாங்கிவிட்டேன் என்றாய். சோமர்செட் தாழ்நிலத்துப் பண்ணைக்காரர் ஒருவர் தன் வயலில் தேடிக்கொள்ளச் சரி சொல்லிவிட்டார் என்றும் சொன்னாய். சந்தோஷம். அந்தச் சம்மதத்தை முதலில் எழுதி வாங்கு. எந்தெந்த வயல், மாடு மேயும்போது போகலாமா, கிடைப்பதில் யாருக்கு எவ்வளவு என்பதெல்லாம் அதில் இருக்கட்டும். ஆற்றங்கரை பொது இடம் போலத்தான் தெரியும். இங்கிலாந்தில் அதற்கும் ஒரு சொந்தக்காரர் உண்டு. சட்டப் பாதுகாப்பு பெற்ற தொல்லிடத்தில் அனுமதி இல்லாமல் டிடெக்டர் பிடித்து நடந்தாலே குற்றம். அந்தப் பக்கம் இயற்கைப் பாதுகாப்புக்கென ஒதுக்கிய சதுப்பும் நிறைய. எந்த வயல் எதில் சேரும் என்று பண்ணைக்காரரிடமே கேட்டுவிடு.

வெள்ளம் வந்து போன நிலம் என்றதும், பள்ளத்தில்தான் காசு ஒதுங்கியிருக்கும் என்று எல்லோரும் அங்கே இறங்குகிறார்கள். நீ இறங்காதே. ஒவ்வொரு வெள்ளமும் மெல்லிய வண்டலைப் படியவிட்டுப் போகிறது. நூற்றாண்டுக் கணக்கில் அது சேரச் சேர, ரோமர் காலத்துத் தரை டிடெக்டருக்கு எட்டாத ஆழத்துக்குப் போய்விடும். சின்னக் காசை ஒரு சாண் ஆழத்தில் நம் கருவி காட்டினாலே பெரிது. அதனால் மேட்டைத் தேடு. அந்தக் காலத்து மனிதர்களும் கால் நனையாத இடத்தில்தான் வீடு கட்டினார்கள், சந்தை கூட்டினார்கள், வண்டியை நிறுத்தினார்கள். சதுப்பும் மேடும் சந்திக்கிற விளிம்பு, ஆற்றைக் கடக்கும் பழைய துறைக்கு இறங்கும் பாதை, இவைதான் நல்ல இடங்கள். உன் ஊருக்குப் பக்கத்திலேயே போல்டன் குன்றுகளின் சரிவில் ஷாப்விக் கிராமம் இருக்கிறது. 1998-இல் அந்த ஊர் நிலத்தில் டிடெக்டர் வைத்துத் தேடியவர்களுக்கு 9,238 ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. அதைத் தொடர்ந்து ஆராய்ந்தபோதுதான் அங்கே ஒரு ரோமானிய மாளிகை இருந்ததே தெரிய வந்தது.

மேடு என்றால் குன்று மாதிரி இருக்க வேண்டியதில்லை. அரை மீட்டர் உயரம் போதும். அது கண்ணுக்குத் தெரியாது, லைடார் என்ற லேசர் அளவைப் படத்தில் தெரியும். இங்கிலாந்தின் சுற்றுச்சூழல் முகமை அந்தப் படங்களை இலவசமாகவே தருகிறது. பழைய நில அளவை வரைபடங்கள் ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் இணையத்தில் கிடைக்கும். இரண்டையும் அருகருகே வைத்து ஒரு மாலை முழுக்கப் பார்த்துவிட்டு அப்புறம் வயலுக்குப் போ. கால்வாய் தூர்வாரிய மண்ணைக் கரையில் கொட்டியிருந்தால் அதையும் விடாதே. ஆழத்தில் கிடந்தது மேலே வந்திருக்கும். ஆனால் அது முதலில் எங்கே கிடந்தது என்ற செய்தி போய்விட்டிருக்கும், அதையும் குறித்துக்கொள்.

தண்ணீர் வடிந்த மறுநாளே போக வேண்டும் என்ற அவசரம் வேண்டாம். ஊறிய புல்தரையில் மண்கட்டி உடைந்து நொறுங்கும், திரும்ப மூடினாலும் புல் பிடிக்காது. அடுத்த தடவை அந்த வயலுக்குள் உன்னை விடமாட்டார்கள். அதைவிட எனக்குக் கவலை, வயல்களுக்கு நடுவே ஓடும் கால்வாய்கள். அங்கே அவற்றை ரீன் என்பார்கள். வெள்ளம் தேங்கியிருக்கும்போது வயலும் ரீனும் ஒரே தண்ணீராகத் தெரியும். கால் வைத்தால் கழுத்தளவு. 2013–14 குளிர்காலத்தில் மச்சல்னி கிராமமே நீர் சூழ்ந்து தீவாக நின்றது, நினைவில் வை. வெள்ள எச்சரிக்கைக்குப் பதிந்துகொண்டால் கைபேசிக்கே செய்தி வரும். தனியாகப் போகாதே. அறுவடை முடிந்து, தாள் மட்டும் நிற்கிற, லேசாக ஈரம் பாய்ந்த வயல்தான் எல்லாவற்றிலும் நல்லது.

கருவியைப் பற்றிச் சில விஷயங்கள். சுருளில் நீர் படலாம் என்றால் மேலே உள்ள பெட்டியிலும் படலாம் என்று அர்த்தமில்லை, கையேட்டைப் படி. ஈரப் பள்ளத்திலிருந்து காய்ந்த மேட்டுக்கு ஏறினால் மண்ணுக்கேற்ற சமநிலையை மறுபடி சரிசெய். வெள்ளம் ஆணியையும் முள்கம்பியையும் கொண்டுவந்து போடுவதால் இரும்பை ஒதுக்கும் அளவை ஏற்றத் தோன்றும். மிகவும் ஏற்றாதே. 1662-க்கு முன்பு வெள்ளிப் பென்னிகள் பெரும்பாலும் சுத்தியலால் அடித்தவை, தகடு போல மெலிசு. சில்லறைக்காக அதையே பாதியாக, காலாக வெட்டிப் புழங்கினார்கள். அந்தத் துண்டின் ஒலியும் சாக்லேட் தாளின் ஒலியும் ஒன்றுபோலவே கேட்கும். இரண்டு பக்கம் இருந்து வீசினாலும் ஒலி நிலைத்து வந்தால் தோண்டிப் பார்த்துவிடு.

வெள்ள மண்ணில் சாக்கடையும் எலியின் மூத்திரமும் கலந்திருக்கும். கையுறை போடு, கீறலை நீர் புகாத பிளாஸ்டரால் மூடு, கை கழுவாமல் சாண்ட்விச்சைத் தொடாதே. டெட்டனஸ் ஊசி பாக்கியிருந்தால் போட்டுக்கொள். பிறகு காய்ச்சலும் கால்வலியும் வந்தால் வெள்ள மண்ணில் வேலை செய்ததை மருத்துவரிடம் சொல். எலிக்காய்ச்சலா என்று பார்ப்பார்.

காசு கிடைத்ததும் நம் வீட்டுக் கை உடனே புளியைத் தேடும், வெள்ளி என்றால் விபூதியை. இரண்டும் கூடாது. அந்தப் பச்சைக் களிம்புக்குள்தான் எழுத்தும் முகமும் இருக்கின்றன. தேய்த்தால் அதுவும் சேர்ந்து போய்விடும். கட்டை விரலால்கூடத் துடைக்காதே. மண்ணோடு சிறு பையில் போட்டு, இடத்தைக் குறித்து, வீட்டில் மெல்ல உலரவிடு. ஈரத்தோடு இறுக்கமான டப்பாவில் அடைக்காதே.

ஒரு குழியில் காசு மேல் காசு வந்தால் அங்கேயே நிறுத்து. 2010-இல் ஃப்ரோம் அருகே ஒருவர் பானையைக் கண்டதும் தோண்டுவதை நிறுத்தி அறிஞர்களை அழைத்தார். அவர்கள் அடுக்கடுக்காக எடுத்ததால்தான், அந்த 52,503 காசுகளும் வருடக்கணக்கில் சேர்த்தவை அல்ல, ஒரே சமயத்தில் இட்டவை என்று சொல்ல முடிந்தது. நாமே அள்ளியிருந்தால் வெறும் காசுக் குவியல்தான் மிஞ்சியிருக்கும்.

1996-ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி, 300 ஆண்டுகளுக்கு மேற்பட்ட பொன் அல்லது வெள்ளிக் காசு ஒரே இடத்தில் இரண்டு கிடைத்தாலே புதையல். செம்பு, வெண்கலம் என்றால் பத்து. பதினான்கு நாளுக்குள் தெரிவிக்க வேண்டும். மறைத்தால் சிறை வரை போகும். ஒற்றைக் காசுக்கு அந்தக் கட்டாயம் இல்லை, ஆனாலும் உன் பகுதியின் கண்டெடுப்புப் பதிவு அலுவலரிடம் காட்டு. அதற்கு வரைபடக் கட்ட எண் வேண்டும்; தோண்டிய குழியை மூடும் முன் கைபேசியில் குறித்துக்கொள்.