உங்க அடுப்பு என்ன நிறத்துல எரியுது?



போன ஐப்பசி மழை லீவுக்கு சீர்காழியில எங்க வீட்டுக்குப் போயிருந்தேன். பையைக் கீழே வைக்கிறதுக்குள்ள அம்மாகிட்ட இருந்து புகார். "என்னடா தம்பி, கேஸ்லதான் சமைக்கிறேன். ஆனா பாத்திரத்து அடியெல்லாம் விறகடுப்புல வச்ச மாதிரி கருத்துப் போகுது. இந்த சிலிண்டரே சரியில்ல போல."

அடுப்பைப் பத்த வச்சுப் பார்த்தேன். ஒரு பர்னர் நீலமா, நிதானமா எரிஞ்சது. இன்னொன்னு மஞ்சளா, நீளமா, ஆடி ஆடி எரிஞ்சது. ரெண்டுக்கும் ஒரே சிலிண்டர், ஒரே ரெகுலேட்டர். அப்போ கோளாறு கேஸ்ல இருக்க முடியாதே! அந்த ஒரு பர்னருக்குப் போற வழியிலதான் இருக்கணும். நீங்களும் தேட ஆரம்பிக்க வேண்டிய இடம் இதுதான்.

அடுப்புக்குள்ள என்ன நடக்குது?

ரெகுலேட்டரைத் தாண்டி வர்ற கேஸோட அழுத்தம் ஏறக்குறைய 3 கிலோ பாஸ்கல்தான். ஆனா அது 'ஜெட்' என்கிற பித்தளைத் துண்டோட ஊசித் துளை வழியா வெளியே வருது. பெர்னூலி சமன்பாட்டுல போட்டுப் பாருங்க, வேகம் விநாடிக்கு சுமார் 50 மீட்டர் வரும். அந்த வேகத்துல பாயும்போது பக்கத்துல இருக்கிற காற்றையும் சேர்த்து இழுத்துக்கிட்டு பர்னரோட குழாய்க்குள்ள போகுது. இது முதல் காற்று. மீதி வேண்டிய காற்றைச் சுவாலை வெளியில சுத்தி இருந்து எடுத்துக்கும்.

ஒரு பங்கு புரொப்பேன் முழுசா எரிய சுமார் 24 பங்கு காற்று வேணும். பியூட்டேனுக்கு சுமார் 31 பங்கு. நம்ம சிலிண்டர்ல இருக்கிறது இந்த ரெண்டோட கலவை. முதல் காற்று குறைஞ்சா கார்பன் முழுசா எரியாம நுண்ணிய கரித்துகளா மாறி, சூட்டுல மஞ்சளா ஒளிரும். அந்தக் கரிதான் பாத்திரத்து அடியில படியுது.

நிறத்தைப் படிக்கிறது எப்படி?

நீலம், உள்ளே தெளிவான சின்னக் கூம்பு: சரியா எரியுது.

நீளமான மஞ்சள் நுனி, பாத்திரத்துல கரி: காற்று போதல.

சுவாலை பர்னரை விட்டு எழும்பி 'உஸ்'னு இரைச்சல்: காற்று அதிகம், இல்லன்னா அழுத்தம் அதிகம்.

'டப்'னு சத்தத்தோட தீ குழாய்க்குள்ள இறங்குது: கலவை வர்ற வேகத்தை விட தீ பரவுற வேகம் அதிகமாயிருச்சு. பர்னர் மூடி சரியா உட்காராம இருந்தாலும் இப்படி ஆகும். உடனே அணைச்சிடுங்க.

நீலத்துக்கு நடுவுல அப்பப்போ ஆரஞ்சுப் பொறி: பயப்பட வேண்டாம். தூசியோ, பொங்கி வழிஞ்ச கஞ்சியில இருந்த உப்போ எரியுது. கெமிஸ்ட்ரி லேப்ல பார்த்த அதே சோடியம் நிறம்தான்.

ரெண்டு பர்னருமே மஞ்சளா மாறினா, சிலிண்டர் தீரப் போகுதான்னு பாருங்க. புரொப்பேன் முதல்ல ஆவியாகும், கடைசியில பியூட்டேன் அதிகமா மிஞ்சும். அதுக்குக் காற்று அதிகம் வேணும்னு மேலேயே பார்த்தோம்.

சரி செய்றது எப்படி?

1. ரெகுலேட்டரை மூடுங்க. அடுப்பு நல்லா ஆறட்டும்.

2. பர்னர் மூடியை எடுத்து வெந்நீர்ல ஊற வச்சுக் கழுவுங்க. பித்தளைன்னா புளி போட்டுத் தேய்க்கலாம். அடைச்ச துளைகளை ஊசியால குத்தி எடுங்க. ஈரம் போக நல்லா காய வைங்க.

3. பர்னரோட குழாயைக் கவிழ்த்துத் தட்டுங்க. சின்ன பிரஷ் விட்டுத் துடைங்க. பல பேர் இதை மறந்துடுவாங்க.

4. ஜெட் துளையில மட்டும் ஊசி விடாதீங்க. விட்டம் 10% பெருசானா பரப்பு 21% கூடும், கேஸும் அதே அளவு கூடும். மஞ்சள் சுவாலை நிரந்தரமா தங்கிடும். ஜெட் அடைச்சிருந்தா மெக்கானிக்கைக் கூப்பிடுங்க.

5. மூடியை ஆடாம உட்கார வைங்க. சில அடுப்புல குழாய் வாயில காற்றைக் கூட்டிக் குறைக்கிற தகடு இருக்கும். மஞ்சள் நுனி மறையுற வரைக்கும் மெதுவா திறங்க, இரைச்சல் வந்தா கொஞ்சம் மூடுங்க. தகடு இல்லாத அடுப்புல நீங்களா எதையும் வளைக்க வேண்டாம்.

எங்க வீட்டுல மூணாவது படியிலேயே குற்றவாளி மாட்டிக்கிச்சு. குழாய் வாயில சிலந்தி கூடு கட்டியிருந்தது. அம்மா அந்தப் பர்னரை ரொம்ப நாளா பத்த வைக்கவே இல்ல!

பாத்திரம் கருக்கிறது மட்டும்தானா பிரச்சினை?

இல்ல. முதல் கணக்கு காசு. 14.2 கிலோ சிலிண்டர்ல சுமார் 650 மெகாஜூல் இருக்கு. அடுப்போட திறன் 68%ல இருந்து 58%க்கு இறங்கினா வீணாகிற வெப்பத்துல, 30 டிகிரியில இருக்கிற 220 லிட்டர் தண்ணியைக் கொதி நிலைக்குக் கொண்டு வரலாம்.

ரெண்டாவது கணக்கு உயிர். அரைகுறையா எரியுற கேஸ் கார்பன் மோனாக்சைடைத் தரும். ரத்தத்துல இருக்கிற ஹீமோகுளோபின், ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேல இதைப் பிடிச்சு வச்சுக்கும். தலைவலி, தலைசுற்றல்னு தொடங்கி மயக்கம் வரைக்கும் போகும். கேஸ் கசிஞ்சா மூக்குக்குத் தெரியணும்னுதான் மெர்காப்டன் கலக்கிறாங்க. கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் கிடையாது, நிறமும் கிடையாது. மூக்கு எச்சரிக்காத இடத்துல கண்ணுதான் எச்சரிக்கணும். மஞ்சள் சுவாலைதான் அந்த எச்சரிக்கை.

நம்ம டெல்டா பக்கம் ஐப்பசி, கார்த்திகையில சாரல் அடிக்குதுன்னு சமையல்கட்டு ஜன்னலைச் சாத்தி வச்சிடுவோம். எங்க வீட்டுலயும் அன்னைக்குச் சாத்தித்தான் இருந்தது. ரூம் எடுத்து நாலு பேரா சமைச்சுச் சாப்பிடுற நண்பர்கள் இதைக் கவனிங்க. மழையானாலும் ஒரு பக்கமாவது திறந்து வைங்க.

கசிவு வாசனை வந்தா சுவிட்ச் எதையும் தொடாதீங்க. ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னலைத் திறந்துட்டு, வெளியே போய் 1906க்குக் கூப்பிடுங்க.

மறுநாள் அம்மா ரெண்டு பர்னர்லயும் சமைச்சாங்க. குழம்புச் சட்டியோட அடியைத் திருப்பிக் காட்டி, "அட, பளிச்சுனு இருக்குடா"ன்னாங்க. சிலிண்டரும் தப்பிச்சது!

இன்னைக்கு நீங்க சமைக்கும்போது லைட்டை ஒரு நிமிஷம் அணைச்சுட்டுச் சுவாலையைப் பாருங்க. என்ன நிறம்னு எங்களுக்கும் எழுதுங்க. அடுத்த இதழ்ல சந்திப்போம்!