தொப்பைக்குள்ளே ஒரு தணல்!

"முழங்கால் வலிக்குதுன்னா சரி டாக்டர். 82 கிலோவைச் சுமக்குது, வலிக்கத்தான் செய்யும். இந்த விரல் எதைச் சுமக்குது?"

கேட்டவர் 47 வயதுப் பள்ளி ஆசிரியை. இரண்டு கைகளிலும் விரல் கணுக்கள் தடித்திருந்தன. இடியாப்பம் பிழிய முடியவில்லை, சப்பாத்தி உருட்ட முடியவில்லை, கரும்பலகையில் நாலு வரி எழுதினால் விரல் மடங்க மறுக்கிறது.

நியாயமான கேள்விதான். பருத்த உடல்காரர்களுக்கு மூட்டுத் தேய்மானம் முழங்காலில் மட்டுமல்ல, கை விரல்களிலும் மற்றவர்களைவிட அதிகமாகவே வருகிறது. யாரும் கையால் நடப்பதில்லையே! அப்படியென்றால் பாரத்தைத் தவிர வேறு ஏதோ ஒன்றும் விரல் வரை போய் வேலை செய்கிறது என்றுதானே அர்த்தம்? அந்த வேறு ஒன்றுதான் அழற்சி.

காலில் முள் குத்தினால் என்ன ஆகிறது? சிவக்கிறது, வீங்குகிறது, சுடுகிறது, வலிக்கிறது. இது நல்ல அழற்சி. உடம்பு தன் காவல்காரர்களை அனுப்பி, கிருமியை விரட்டி, நாலைந்து நாளில் அடங்கிவிடும். நான் சொல்லும் அழற்சி அப்படிப்பட்டதல்ல. காய்ச்சல் இருக்காது, வீக்கம் கண்ணுக்குத் தெரியாது. சாம்பல் மூடிய தணல் மாதிரி வருஷக் கணக்கில் கனன்று கொண்டே இருக்கும். அந்த அடுப்பு பெரும்பாலும் இருக்கும் இடம், நம் வயிற்றுக் கொழுப்பு.

பாளையங்கோட்டை கல்லூரியில் நாங்கள் படித்தபோது ஏழு உடற்கட்டுகளில் நாலாவதாகக் கொழுப்பைச் சொல்லித் தந்தார்கள். உறுப்புகளுக்கு நெய்ப்புத் தருவது அதன் வேலை. மிகுந்தால் வயிறு பருக்கும், களைப்பும் மூச்சிரைப்பும் வரும். உடனே, "எல்லாம் சித்தர்கள் அன்றே சொல்லிவிட்டார்கள்" என்று மேடையில் முழங்கும் நண்பர்கள் எனக்கு உண்டு. அதில் எனக்குச் சம்மதமில்லை. குணத்தைச் சொன்னார்கள், உண்மை. ஆனால் கொழுப்பிலிருந்து ரத்தத்தில் இறங்கும் பொருட்களைக் கண்டுபிடித்தது ஆய்வுக்கூடம்தான்.

1993-ல் அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் ஹோட்டமிஸ்லிகில், ஸ்பீகல்மேன் குழுவினர் குண்டு எலிகளின் கொழுப்பை ஆராய்ந்தார்கள். அழற்சியைத் தூண்டும் டி.என்.எஃப். என்ற பொருள் அதிலிருந்து சுரப்பது தெரிந்தது. அதை முறியடித்ததும் அந்த எலிகளின் உடம்பில் இன்சுலின் முன்னைவிட நன்றாக வேலை செய்தது. அதுவரை கொழுப்பு என்றால் சும்மா கிடக்கும் சேமிப்புக் கிடங்கு என்றுதான் பலரும் நினைத்திருந்தார்கள்.

கிடங்கில் மூட்டை அளவுக்கு மேல் ஏறினால் என்ன ஆகும்? கொழுப்பு அணு ஊதிப் பெருக்கிறது. போதிய ரத்தமும் பிராணவாயுவும் கிடைக்காமல் சில அணுக்கள் சாகின்றன. அவற்றைத் தின்று அப்புறப்படுத்த வெள்ளையணு வகையைச் சேர்ந்த காவல்காரர்கள் கூட்டமாய் வந்து சூழ்கிறார்கள். 2003-ல் இதைக் கண்ணால் பார்த்தே உறுதி செய்தார்கள். வந்தவர்கள் சும்மா இருப்பதில்லை. மேலும் மேலும் அழற்சிப் பொருட்களை உமிழ்கிறார்கள். குடலைச் சுற்றிய கொழுப்பிலிருந்து ரத்தம் நேரே கல்லீரலுக்குப் போவதால் முதல் அடி அதற்குத்தான். தசையிலோ, இன்சுலின் என்ற சாவி பூட்டுக்குள் நுழைகிறது, ஆனால் திரும்ப மாட்டேன் என்கிறது. சர்க்கரை ரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. ரத்தக்குழாய், மூட்டு, எல்லா இடத்துக்கும் இந்தத் தணலின் சூடு போகிறது.

"நான் குண்டே இல்லையே" என்பவர்களுக்கு ஒரு வார்த்தை. 2004-ல் லான்செட் இதழில் ஒரு புகைப்படம் வந்தது. புனேயைச் சேர்ந்த டாக்டர் யாக்னிக், லண்டன் டாக்டர் யுட்கின் இருவரும் அருகருகே நிற்கிறார்கள். உயரத்துக்கேற்ற எடைக் கணக்கு இருவருக்கும் ஒன்றே, 22.3. உடம்புக் கொழுப்போ யுட்கினுக்கு 9.1 சதவீதம், நம்மவருக்கு 21.2! அதனால் எடை மெஷினை விட தையற்காரர் டேப்பை நம்புங்கள். இடுப்புச் சுற்றளவு ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. மூச்சை இழுத்துப் பிடித்துக் கொண்டு அளக்காதீர்கள், ஏமாறுவது நீங்கள்தான்!

ரத்தத்தில் சி.ஆர்.பி. என்று ஒரு சோதனை உண்டு. தணலின் சூடு ஏற ஏற கல்லீரல் இதை அதிகம் சுரக்கும். நுண்ணிய முறையில் அளந்தால் ஒரு லிட்டரில் 1 மில்லிகிராமுக்குக் கீழே நல்லது. 3-க்கு மேல் கவனிக்க வேண்டும். ஜலதோஷம், ஈறு வீக்கம் இருந்தாலும் ஏறும். ஆகவே காய்ச்சலோடு போய் எடுத்துவிட்டுப் பயப்படாதீர்கள்.

அந்த ஆசிரியைக்கு வருவோம். என்னிடம் வருமுன் யாரோ கொடுத்த லேபிள் இல்லாத பொடியை மூன்று மாதம் சாப்பிட்டிருந்தார். "முதல் வாரமே வலி பறந்துடுச்சு டாக்டர்!" வலி பறந்தது, முகம் உப்பியது, எடை 6 கிலோ ஏறியது, சர்க்கரையும் ஏறியது. ஸ்டீராய்டு கலந்திருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். அது அழற்சியை அமுக்கும், ஆனால் வயிற்றுக் கொழுப்பைக் கூட்டும். அதாவது தணல் மேல் சாம்பலைப் போட்டுவிட்டு, அடியில் விறகை அடுக்குவது! இப்படிப்பட்ட பொடியைச் சட்டென்று நிறுத்துவதும் ஆபத்து என்பதால் ஆங்கில மருத்துவ நண்பரிடம் அனுப்பி, அவர் மேற்பார்வையில்தான் நிறுத்தினோம். என் துறையின் பெயரால் விற்கப்படும் இந்த அக்கிரமத்தைச் சொல்ல எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. உரிமம் எண், தயாரித்தவர் முகவரி, காலாவதி தேதி இல்லாத எதையும் வாயில் போடாதீர்கள்.

பிறகு நான் கேட்டது சாப்பாட்டுக் கணக்கு. மூன்று காபி, ஒவ்வொன்றுக்கும் நாலு பிஸ்கட். ராத்திரி பத்து மணிக்கு இட்லி. அதற்கு மேல், பிள்ளைகள் மிச்சம் வைத்த சாதம். "வீணாக்க மனசு வரலை டாக்டர்." குப்பையில் போட மனசில்லாமல் வயிற்றில் போடுகிறோம்!

இரவுச் சாப்பாட்டை ஏழரைக்கு முன்னால் கொண்டு வந்தோம். சாதத்தைப் பாதியாக்கி, காயைக் கூட்டி, பிஸ்கட்டுக்குப் பதில் சுண்டல். ஆளுக்கு மாதம் அரை லிட்டர் எண்ணெய். வாரம் மூன்று நாள் கொள்ளு ரசம். கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பது சரிதான், ஆனால் அது உஷ்ணம். வயிற்றுப்புண் உள்ளவர்கள் ஒதுக்குங்கள். மஞ்சளும் மிளகும் சமையலில் இருக்கட்டும். மஞ்சள் மாத்திரையை மட்டும் விழுங்கிவிட்டு பஜ்ஜி சாப்பிடுவது, அடுப்பை அணைக்காமல் பொங்கும் பாலை ஊதிக் கொண்டிருப்பது போல.

தினம் அரை மணி வேக நடை, வாரம் ஐந்து நாள். முழங்கால் வலித்தால் பதினைந்து, பதினைந்து நிமிஷமாகப் பிரியுங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒவ்வோர் அடியிலும் முழங்கால் மேல் விழும் அழுத்தம் சுமார் நாலு கிலோ குறைகிறது. எடை உடனே இறங்கவில்லையே என்று விட்டுவிடாதீர்கள். சென்னையில் டாக்டர் ராமச்சந்திரன் குழுவினர் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்தவர்களிடம் செய்து 2006-ல் வெளியிட்ட ஆய்வில், உணவையும் நடையையும் சரிசெய்தவர்களுக்கு எடை பெரிதாக இறங்கவில்லை. ஆனாலும் சர்க்கரை நோய் வருவது 28.5 சதவீதம் குறைந்தது!

எட்டு மாதத்தில் ஆசிரியையின் இடுப்பு 98-லிருந்து 91 செ.மீ. ஆனது. சி.ஆர்.பி. 6-லிருந்து 2.5. தடித்த கணுக்கள் அப்படியேதான் இருக்கின்றன. தேய்ந்த மூட்டு பழையபடி ஆகாது, அதை அவரிடம் முதல் நாளே சொல்லிவிட்டேன். ஆனால் வலி பாதிக்கு மேல் குறைந்திருக்கிறது. போன வாரம் வந்தபோது ஒரு தூக்கில் இடியாப்பம் கொண்டு வந்தார். "நானே பிழிஞ்சது டாக்டர்" என்றார்.