காற்றா, வண்டா?



படிவம் நான்குக்குப் போகும்போது நம்ம பிள்ளைகள் பலர் உயிரியல் பாடத்தை விட்டு ஒதுங்கிவிடுகிறார்கள். ஏன் என்று கேட்டால், "அண்ணே, அதெல்லாம் மனப்பாடம், மண்டையில ஏறாது" என்று பதில் வருகிறது. பரிசோதனை, சூழலியல், பரிணாமம் என்ற மூன்று சொற்களும் எங்கோ வெளிநாட்டு ஆய்வகத்துச் சமாசாரம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நான் சாஆக்காரன். இங்கே எந்தப் பக்கம் திரும்பினாலும் செம்பனைதான். அந்த ஒரு மரத்தை வைத்தே மூன்றையும் புரிந்துகொள்ளலாம், வாங்க.

பரிசோதனை

செம்பனையின் தாய்வீடு மேற்கு ஆப்பிரிக்கா. 1848-இல் நான்கு கன்றுகள் ஜாவாவின் போகோர் தோட்டத்துக்கு வந்தன. மலாயாவில் வியாபாரத்துக்காக முதலில் நட்டது 1917-இல், சிலாங்கூர் தென்னமாரம் தோட்டத்தில். மரம் செழிப்பாக வளர்ந்தாலும் குலையில் காய் சரியாகப் பிடிக்கவில்லை.

செம்பனையில் ஆண் பாளை வேறு, பெண் பாளை வேறு. ஆண் பாளையின் மகரந்தம் பெண் பாளைக்குப் போய்ச் சேர்ந்தால்தான் காய். காற்று அதைச் சேர்த்துவிடும் என்றே வெகுகாலம் நம்பினார்கள். காற்று போதாத இடத்தில் மனிதக் கை வேலை செய்தது. மகரந்தத்தைச் சேகரித்து, காயவைத்து, டால்க் பவுடரோடு கலந்து, மரம் மரமாகப் போய்ப் பெண் பாளையில் ஊத வேண்டும். பெண் பாளை இரண்டு மூன்று நாள்தான் மகரந்தத்தை ஏற்கும். அதனால் அதே நிரைக்கு வாரத்தில் பல தடவை போகணும். நம்ம பாட்டிமார் பலர் வெயிலில் செய்த வேலை இது.

கேமரூனிலும் மலேசியாவிலும் தோட்டங்களில் பணியாற்றிய லெஸ்லி டேவிட்சன், அங்கே ஆண் பாளைகளில் சின்னச் சின்ன கூன்வண்டுகள் மொய்ப்பதைப் பார்த்திருந்தார். இங்கே அவை இல்லை. அப்படியானால் மகரந்தத்தைக் கொண்டுபோவது காற்றா, வண்டா? இதற்கு விடை தேட, ரஹ்மான் சையத் என்ற பாகிஸ்தானியப் பூச்சியியலாளர் 1970-களில் கேமரூனுக்குப் போனார். அங்கே பெண் பாளைகளுக்கு, காற்று புகும் ஆனால் பூச்சி புகாத உறையைப் போட்டுப் பார்த்தார். உறை போட்ட பாளையில் காய் சரியாகப் பிடிக்கவில்லை. பூச்சிகளே முக்கியம் என்பது தெளிவானது.

தமிழ்ப்பள்ளியில் படித்ததை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். பூச்சி வர முடியுமா, முடியாதா என்பது தற்சார்பு மாறி. எவ்வளவு காய் பிடித்தது என்பது சார்பு மாறி. இரண்டு பாளைக்கும் பொதுவாக இருந்த காற்று, கட்டுப்படுத்தப்பட்ட மாறி. ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதை அப்படியே வைப்பதுதான் பரிசோதனையின் உயிர்.

இந்த வண்டு மற்றப் பயிர்களைத் தின்னுமா என்றும் சோதித்தார்கள். தின்னாது என்று உறுதியான பிறகே, 1981 பிப்ரவரியில் நமக்கு அடுத்த மாவட்டமான குளுவாங்கில் முதன்முதலாகப் பறக்கவிட்டார்கள். அடுத்த ஆண்டுக்குள் அது தீபகற்பம் முழுக்கப் பரவியது. கையால் மகரந்தம் ஊதும் வேலையும் நின்றது.

கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1917-இலிருந்து 1981 வரை 64 வருஷம்!

சூழலியல்

இந்த வண்டின் பெயர் எலேய்டோபியஸ் கமருனிக்கஸ். ஆண் பாளையில்தான் அது தின்கிறது, முட்டையிடுகிறது. புழுக்கள் வாடிய ஆண் பூவைத் தின்று வளர்கின்றன. பெண் பாளையில் வண்டுக்குச் சாப்பாடு கிடையாது. ஆனால் அதுவும் ஆண் பாளை போலவே சோம்பு வாசம் வீசும். வாசத்தை நம்பிப் போகிற வண்டு, உடம்பில் ஒட்டிய மகரந்தத்தை அங்கே உதிர்த்துவிட்டுத் திரும்புகிறது.

இதோடு முடியவில்லை. ஆண் பாளையில் இருக்கும் புழுக்களை எலி தின்னும், செம்பனைப் பழத்தையும் தின்னும். அந்த எலியைக் கூகை தின்னும். இதற்காகத்தான் பல தோட்டங்களில் கம்பம் நட்டுக் கூகைக்குக் கூண்டுப்பெட்டி வைத்திருக்கிறார்கள். கூகை அலறினால் கெட்ட சகுனம் என்று கல்லெடுப்பவர்கள் இன்னும் நம்மிடையே உண்டு. அதை விரட்டினால் லாபம் எலிக்குத்தான்.

பரிணாமம்

எலியைக் கொல்ல வார்ஃபரின் என்ற விஷத்தீனி வைத்தார்கள். அது ரத்தம் உறைவதைத் தடுத்து எலியைக் கொல்லும். 1980-களில், மலேசியச் செம்பனைத் தோட்டங்களில் இந்த விஷத்துக்குச் சாகாத எலிகள் இருப்பது தெரியவந்தது. "எலிக்கு மருந்து பழகிப்போச்சு" என்று சொல்லிவிடுவோம். அது சரியில்லை. ஒரு எலி விஷத்தைத் தின்று தின்று தன்னை மாற்றிக்கொள்ளவில்லை. பிறப்பிலேயே அதைத் தாங்கும் மரபணு சில எலிகளிடம் இருந்தது. மற்றவை செத்தன, இவை பிழைத்துக் குட்டி போட்டன. தலைமுறை தாண்டத் தாண்ட, தாங்கும் எலிகளே பெருகின. இதைத்தான் இயற்கைத் தேர்வு என்கிறோம். மாறுவது தனி உயிர் அல்ல, கூட்டம். இந்த ஒரு வரி புரிந்தால் பரிணாமப் பாடத்தில் பாதி முடிந்தது.

இனி உங்கள் முறை

வீட்டுக்குப் பின்னால் பூசணிக்கொடி இருக்கிறதா? அதிலும் ஆண் பூ, பெண் பூ தனித்தனி. கீழே குட்டிப் பிஞ்சோடு இருப்பது பெண் பூ. பூ விரியும் முன்னேயே சில பெண் பூக்களுக்கு மெல்லிய வலைத்துணியால் உறை கட்டுங்கள். சில பூக்களை உறையில்லாமல் விடுங்கள். இன்னும் சில பூக்களுக்கு உறை கட்டி, விரிந்த காலையில் நீங்களே ஆண் பூவின் மகரந்தத்தைத் தடவி மறுபடி மூடுங்கள். இந்த மூன்றாவது குழு ஏன் வேண்டும்? காய் பிடிக்காததற்கு உறையே காரணமோ என்ற சந்தேகத்தைத் தீர்க்க. ஒவ்வொரு குழுவிலும் ஐந்து பூவாவது இருக்கட்டும். இரண்டு வாரம் நோட்டில் குறித்து வாருங்கள்.

"எல்லாரும் காற்றுன்னுதான் சொல்றாங்க" என்பது விடை இல்லை. அப்படி இருந்துவிட்டதால்தான் நம்ம பாட்டிமார் அத்தனை வருஷம் பவுடர் ஊதினார்கள். ஒரு உறை போட்டுப் பார்த்திருந்தால் முன்னமேயே தெரிந்திருக்கும். அப்படி உறை போட்டுப் பார்க்கிற பிள்ளைகள் நம்ம தோட்டத்து வீடுகளிலிருந்தும் வரணும். படிவம் நான்கில் பாடம் தேர்ந்தெடுக்கும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள்.