நிலாவாரையும் பாட்டியின் மாத்திரையும்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., தாவரவியல்

மலச்சிக்கல் என்றாலே நாம் சிரிக்கிறோம். அவதிப்படுவோரோ வெட்கத்தால் மறைக்கிறார்கள். வாரத்திற்கு 3 முறைக்கும் குறைவாக மலம் கழிதல், மலம் இறுகுதல், முக்க நேர்தல் ஆகியவை மாதக்கணக்கில் நீடித்தால் அது நாட்பட்ட மலச்சிக்கல்.

பொழிச்சலூரில் எங்கள் பாட்டியும் இதை மறைத்தே வைத்திருந்தார். மருந்துக் கடையில் தாமாகவே வாங்கி, இரவில் ஒரு மாத்திரை, பிறகு இரண்டு, பிறகு மூன்று என விழுங்கி வந்தார். எங்கள் வீட்டில் ஆங்கிலம் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்தியே. ஒருநாள் அட்டையை என்னிடம் நீட்டி, "இது என்ன மருந்து, பார்த்துச் சொல்லு" என்றார். 'சென்னோசைடு' என்றிருந்தது.

அது நிலாவாரை இலையின் சத்து! அரேபியாவிலிருந்து வந்த இச்செடி, திருநெல்வேலி, தூத்துக்குடிச் சீமையில் பயிராகி, 'டின்னவெலி சென்னா' என உலகச் சந்தையில் பெயர் பெற்றது. இதிலுள்ள கிளைகோசைடுகள் சிறுகுடலைப் பெரும்பாலும் மாறாமலே கடக்கின்றன. பெருங்குடலில் வாழும் பாக்டீரியாக்கள் அவற்றைச் சிதைத்த பின்னரே குடலைத் தூண்டும் பொருள் உண்டாகிறது. இதற்கு 6 முதல் 12 மணி நேரம் ஆவதால்தான் இரவில் உண்டால் காலையில் பயன் தெரிகிறது.

எல்லா மருந்தும் இவ்வாறு வேலை செய்வதில்லை. இசப்கோல் உமி நீரை உறிஞ்சி உப்பி மலத்திற்குப் பருமன் தருகிறது. ஆகவே போதிய நீருடன் பருக வேண்டும். லாக்டுலோஸ், பாலிஎத்திலீன் கிளைக்கால் ஆகியவை சவ்வூடு பரவலால் நீரைக் குடலில் நிறுத்தி மலத்தை இளக்குகின்றன. இவற்றால் குணம் காணாதோர்க்கு, குடலின் செரட்டோனின் ஏற்பிகளைத் தூண்டும் புருகலோப்ரைடை மருத்துவர் எழுதித் தருவதுண்டு.

எம்மருந்து வேண்டும் என்பதைக் காரணமே தீர்மானிக்கிறது. தைராய்டு குறைவு, நீரிழிவு, இரும்புச்சத்து மாத்திரை, மார்பின் இன வலிநிவாரணிகள் ஆகியவையும் மலச்சிக்கலை உண்டாக்கலாம். தூண்டும் மருந்தை அளவு மீறி உண்டால் வயிற்றுப்போக்கு ஏற்பட்டு, உடலில் பொட்டாசியம் குறையும். அது இதயத்துடிப்பையே பாதிக்கக் கூடும்.

பாட்டியை மருத்துவரிடம் அழைத்துச் சென்றேன். "வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், அம்மா?" என்பதே அவரது முதற்கேள்வி. இரத்தசோகைக்கான இரும்பு மாத்திரையைப் பாட்டி அப்போதுதான் சொன்னார். அதன் அளவு மாறியது. லாக்டுலோஸ் மருந்தும் கிடைத்தது. இப்போது பாட்டி நலம்.

நண்பர்களே, மலத்தில் இரத்தம், காரணமற்ற உடல் மெலிவு, 50 வயதுக்கு மேல் திடீரெனத் தோன்றும் மாற்றம் இவற்றைக் கண்டால் தாமதம் கூடாது. இன்றிரவு உங்கள் வீட்டுப் பெரியோரின் மாத்திரை அட்டையை வாங்கிப் படியுங்கள். நாம் கற்ற கல்வி முதலில் அவர்களுக்குப் பயன்படட்டும்!